"க்ளோஸ் போ" என்கிறார் கைடு, "தள்ளி எடு" என்கிறார் இன்னொருவர்: ஃபோட்டோ ப்ராஜெக்ட் ஃபீட்பேக்கை என்ன செய்வது?

நிழல்வெளி | பிப்ரவரி 3, இரவு 10.12

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூணாம் வருஷம். செமஸ்டர் ப்ராஜெக்ட் தெருவோர இஸ்திரி வண்டி, 12 படம் உள்ள சீரிஸ். கேமரா கேனான் 1500டி, கிட் லென்ஸ் 18-55. முதல் ரிவ்யூ முடிஞ்சது. கைடு "இன்னும் க்ளோஸ் போ"ன்னார். இன்னொரு ஸ்டாஃப் "இடமே தெரியல, தள்ளி எடு"ன்னாங்க. சீனியர் "ஃப்ளாட்டா இருக்கு, கான்ட்ராஸ்ட் ஏத்து"ன்னான். பொதுவா எல்லாரும் சொன்னது "கதை இல்ல", "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு".

இதை வெச்சு ரெக்கார்டுல மூணு பக்கம் எழுதணுமாம். நாலு பேர் நாலு விதமா சொன்னா ஃபீட்பேக்கே வேஸ்ட். மார்க் போடறவர் சொல்றதை மட்டும் கேட்டுட்டுப் போயிடணும்ங்கறது என் கருத்து. தப்புன்னா சொல்லுங்க.

பழைய டார்க்ரூம் | பிப்ரவரி 3, இரவு 11.05

மார்க்குக்கு அது போதும். படத்துக்குப் போதாது.

பார்க்கிறவருக்கு எங்கே உறுத்துகிறது என்பது சரியாகத் தெரியும். அதற்கு அவர் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் தவறாக இருக்கும். "க்ளோஸ் போ", "தள்ளி எடு" இரண்டும் வைத்தியம். இரண்டுக்கும் நோய் ஒன்றாகவே இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன்.

முதலில் ஒரு வேலை செய். லைட்ரூம் க்ளாசிக் எடிட்டிங் மென்பொருளில் லைப்ரரிக்குப் போய், மேலே ஃபில்டர் பாரில் மெட்டாடேட்டாவைத் திறந்து, ஒரு காலத்தை ஃபோக்கல் லெங்த் என்று மாற்று. எந்த மி.மீ.யில் எத்தனை படம் என்று வரிசையாக வரும். உன் லென்ஸில் 18 என்றால் அகலமான காட்சி, 55 என்றால் நெருக்கமான காட்சி. பார்த்துவிட்டு இங்கே எழுது.

நிழல்வெளி | பிப்ரவரி 4, காலை 7.30

பாதிக்கு மேல 33-லேர்ந்து 40-க்குள்ள. 18-ல விரல்விட்டு எண்ணலாம். 55-ல அதைவிடக் கம்மி. எல்லாமே நின்னுக்கிட்டு எடுத்தது.

மதுரை 18-55 | பிப்ரவரி 4, காலை 8.02

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" கேஸ் முடிந்தது. தீர்ப்பு எக்ஸிஃப் (படத்தோடு பதிவாகும் கேமரா விவரம்) கையில்.

பழைய டார்க்ரூம் | பிப்ரவரி 4, மதியம் 1.40

ஆமாம். எல்லாம் ஆறேழு அடி தூரம், கண் உயரம், நடுத்தர ஃபோக்கல் லெங்த். அந்தத் தூரத்தில் ஆளும் பாதிதான் வருவார், வண்டியும் பாதிதான் வரும். முகம் பிடிக்கும் கண்ணுக்கு முகம் போதவில்லை. இடம் தேடும் கண்ணுக்கு இடம் போதவில்லை. ஒருவர் "க்ளோஸ்" என்றார், இன்னொருவர் "தள்ளி" என்றார். இருவர் சொன்னதும் சரி. முரண்பாடாகத் தெரியும் ஃபீட்பேக்கில் இப்படி ஒரே மூலம் ஒளிந்திருப்பது சகஜம்.

அடுத்த ஷூட்டில் 35-ஐத் தொடாதே. ஒரு காலைப்பொழுது முழுக்க 18, இன்னொரு காலைப்பொழுது முழுக்க 55. ஜூம் வளையத்தில் செல்லோடேப் ஒட்டிவிடு, கை தானாகத் திரும்பாது. 18-இல் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து மரம், தார்ப்பாய், வண்டி, பின்னால் இருக்கும் அபார்ட்மென்ட் கேட் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். அதே 18-இல் முகத்துக்கு அருகே போகாதே, மூக்கு மட்டும் முன்னால் வந்து நிற்கும். முகம் வேண்டுமென்றால் 50-55, ஐந்தாறு அடி தள்ளி நின்று எடு.

கை, கரி, காலர் போன்ற டீட்டெயிலுக்கும் 55தான். அந்த லென்ஸ் 25 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும். அந்த 25 சென்சாரிலிருந்து கணக்கு. லென்ஸின் முனையிலிருந்து பார்த்தால் அதைவிட நன்றாகக் குறைவு. சூடான பெட்டி ஓடுகிற பலகை அது, முன்னாலேயே அவரிடம் சொல்லிவிட்டுக் கேமராவை நீட்டு.

உயரத்தையும் மாற்று. பலகை மட்டத்துக்குக் குனிந்தால் பெட்டி பெரிதாகும், பின்னணியில் தெரு தெரியும்.

நிழல்வெளி | பிப்ரவரி 4, இரவு 9.15

இருக்கறதையே க்ராப் பண்ணா க்ளோஸ் ஆயிடாதாண்ணா? 24 மெகாபிக்சல் இருக்கே.

லேப் கவுண்டர் | பிப்ரவரி 4, இரவு 9.48

கணக்கு நான் சொல்றேன். உன் ஃபைல் 6000 × 4000. 12 × 18 ப்ரிண்ட்டுக்கு அங்குலத்துக்கு 333 பிக்சல் வருது, தாராளம். பாதி அகலத்துக்கு க்ராப் பண்ணா 3000 × 2000, அதே சைஸுக்கு 167 பிக்சல். கை தூரத்துல பிடிச்சுப் பார்க்கிற ப்ரிண்ட்ல முடி, துணி நெசவெல்லாம் குழைஞ்சு தெரியும். அதுவும் ஐஎஸ்ஓ 3200-ல எடுத்ததா இருந்தா நாய்ஸும் (புள்ளிப் புள்ளியாத் தெரியற கறை) ரெண்டு மடங்கு பெருசாகும்.

பழைய டார்க்ரூம் | பிப்ரவரி 4, இரவு 10.20

பிக்சல் இருந்தாலும் க்ராப் உன்னை அருகே கொண்டுபோகாது. பெட்டிக்கும் முகத்துக்கும் உள்ள அளவு விகிதத்தை நீ நின்ற இடம் முடிவு செய்கிறது. ஆறடியில் நின்று எடுத்ததை எவ்வளவு வெட்டினாலும் அது ஆறடிப் படம்தான்.

ஆனால் க்ராப் நல்ல சோதனைக் கருவி. கைடு சொன்னபடி லைட்ரூமில் ஒரு விர்ச்சுவல் காப்பி (ஒரிஜினலைத் தொடாத நகல்) எடுத்து வெட்டிப் பார். படம் மேம்பட்டால் அடுத்த முறை காலால் அருகே போ. மேம்படவில்லை என்றால் கோளாறு தூரத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. லைட்ரூமுக்குப் பதில் டார்க்டேபிள் மென்பொருள் வைத்திருப்பவர்கள் டூப்ளிகேட் போட்டுக்கொள்ளலாம். ஒரிஜினலின் மேலேயே வெட்டிப் பழைய நிலையைத் தொலைத்துவிடாதே, ரெக்கார்டுக்கு இரண்டும் வேண்டும்.

லேப் கவுண்டர் | பிப்ரவரி 5, காலை 11.10

"ஃப்ளாட்டா இருக்கு"ன்னு சீனியர் சொன்னது எதுல பார்த்து?

நிழல்வெளி | பிப்ரவரி 5, மதியம் 12.30

க்ளாஸ்ரூம் ப்ரொஜெக்டர். ஜன்னல் திறந்திருந்தது. அதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்லயும் அனுப்பியிருந்தேன்.

லேப் கவுண்டர் | பிப்ரவரி 5, மதியம் 12.41

போச்சு. வெளிச்சம் இருக்கிற ரூம்ல ப்ரொஜெக்டருக்குக் கறுப்பே கிடையாது. ஸ்க்ரீன் என்ன கலரோ அதுதான் கறுப்பு. நிழல் பகுதியெல்லாம் சாம்பலாத்தான் தெரியும். அதைப் பார்த்துட்டு கான்ட்ராஸ்ட் ஏத்தினா ப்ரிண்ட்ல முகம் கரிக்கட்டை ஆயிடும்.

அடுத்த ரிவ்யூவுக்கு முதல் ஸ்லைடா கறுப்புலேர்ந்து வெள்ளை வரைக்கும் 21 படி இருக்கிற கிரே ஸ்கேல் போடு. கீழ அஞ்சாறு படி ஒண்ணா ஒட்டிக்கிட்டுத் தெரிஞ்சா, அன்னைக்கு நிழல் பத்தி யார் என்ன சொன்னாலும் நோட்டுல எழுதிக்கோ, ஸ்லைடரைத் தொடாதே. ஏற்றுமதி பண்ணும்போது கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபில விட்டுட்டா கலரை மேனேஜ் பண்ணாத மென்பொருள்ல சாயம் வெளுத்த மாதிரி தெரியும். வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமென்ட்டா அனுப்பு, ஃபோட்டோவா அனுப்பினா சுருக்கிடும்.

பழைய டார்க்ரூம் | பிப்ரவரி 5, மாலை 6.00

இதோடு சேர்க்க வேண்டியது: ரிவ்யூவையே ப்ரிண்ட்டில் நடத்து. நாற்பது படம் மேக்ஸி சைஸில் போட்டுக்கொள், 4 × 6 போதும். பின்பக்கம் பென்சிலில் ஃபைல் நம்பர். பேனா வேண்டாம், அடுக்கி வைத்தால் அடுத்த படத்தில் மை ஒட்டும். மேஜையில் பரப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். எந்தப் படத்தைக் கையில் எடுக்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள், எந்த இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள் என்று பார். வாயால் வரும் கருத்தைவிடக் கை சொல்வது நம்பகமானது.

"நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். "எதுல கண்ணு நின்னுது, எதுல போரடிச்சுது?" என்று கேள். "இதுல என்ன நடக்குதுன்னு நினைக்கிறீங்க?" என்பது இன்னும் நல்ல கேள்வி. அவர் சொல்வதும் நீ எடுக்க நினைத்ததும் எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு வேலை பாக்கி.

மூன்று பேர் போதும். படம் தெரிந்தவர் ஒருவர், படம் தெரியாதவர் ஒருவர், இஸ்திரி தெரிந்தவர் ஒருவர். இன்ஸ்டாகிராம் லைக்கை இந்தக் கணக்கில் சேர்க்காதே.

மதுரை 18-55 | பிப்ரவரி 5, இரவு 8.25

ஃபீட்பேக் என்றால் ராய் ஸ்ட்ரைக்கர்தான். 1935-இலிருந்து அமெரிக்க அரசின் கிராமப்புறப் படப் பிரிவுக்குத் தலைவர். டோரத்தியா லாங்கே, வாக்கர் எவான்ஸ் எல்லாம் அவருக்குக் கீழே எடுத்தவர்கள். பிடிக்காத நெகட்டிவில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டுவிடுவார். முகத்தின் நடுவிலேயே கறுப்பு வட்டம் விழுந்த படங்கள் இன்றும் இருக்கின்றன. உங்கள் கைடு பரவாயில்லை.

பழைய டார்க்ரூம் | பிப்ரவரி 5, இரவு 9.10

இரண்டு திருத்தம். ஓட்டை விழுந்தவை பெரும்பாலும் 35 மி.மீ. நெகட்டிவ்கள், எல்லா நெகட்டிவும் இல்லை. படக்காரர்கள் சண்டை போட்டார்கள், முப்பதுகளின் இறுதியில் அந்தப் பழக்கம் நின்றது.

இந்த இழைக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்றால், ஓட்டை விழுந்த நெகட்டிவ்களையும் எறிந்துவிடாமல் வைத்திருந்தார்கள், இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. எது தள்ளப்பட்டது என்று தெரிவதால்தான் எது, ஏன் தேர்வானது என்று இன்று பேச முடிகிறது. நிழல்வெளி, நீயும் தள்ளிய படத்தை அழிக்காதே. ஒரு நட்சத்திரம் போட்டு ஒதுக்கி வை. வைவாவில் "ஏன் இதை எடுக்கலை?" என்று எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும்.

நிழல்வெளி | பிப்ரவரி 9, காலை 10.50

18-ம் 55-ம் எடுத்தாச்சு. மேஜையில போட்டா இப்போ ரெண்டு ஸ்டாஃபும் ஒரே படத்தைத்தான் எடுக்கறாங்க. ஆனா புது கம்ப்ளெயின்ட்: "முகம் இருட்டு", "கலர் ஒரு மாதிரி இருக்கு". தார்ப்பாய் நீலம். கிரே கார்டு (கலர் சரிபார்க்கற சாம்பல் அட்டை) வெச்சு ஒயிட் பேலன்ஸ் சரி பண்ணா முகம் ஓகே, பின்னாடி தெரு முழுக்க மஞ்சள்.

பழைய டார்க்ரூம் | பிப்ரவரி 9, மதியம் 2.15

இரண்டு வெளிச்சம் கலந்திருக்கிறது. மேலிருந்து நீலத் தார்ப்பாய் வழியாக வடிகட்டி வரும் வெளிச்சம், பக்கவாட்டில் தெருவிலிருந்து வரும் சாதா வெளிச்சம். ஒரே ஒயிட் பேலன்ஸில் இரண்டையும் திருத்த முடியாது. அவர் தலைக்கு நேர் மேலே வரும் இடத்தில் மட்டும் தார்ப்பாயின் மேல் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிட்டால் நீலம் அடைபடும். முகம் இன்னும் இருளும். அதைப் பக்கவாட்டிலிருந்து தெர்மாகோல் வைத்து நிரப்பு. மூன்றுக்கு இரண்டு அடி ஷீட், நான்கடி தூரம், முகத்தின் உயரத்துக்குச் சற்று மேலே. கீழே வைத்தால் பேய்ப்பட வெளிச்சம் வரும்.

காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் சூரியன் தாழ்வாக இருக்கும், தார்ப்பாய்க்கு அடியில் பக்கவாட்டில் நுழையும். அந்த நேரத்தில் இந்தக் கூத்து எதுவுமே தேவைப்படாமல் போகலாம்.

வெள்ளைத் துணி இன்னொரு வில்லன். ஃபிரேம் முழுக்க வெள்ளை வேட்டி இருந்தால் கேமராவின் ஒளி மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் சேர்ந்து இருளும். 1500டியில் பார்ஷியல் மீட்டரை (ஃபிரேமின் நடுவில் ஒரு சிறு பகுதியை மட்டும் அளப்பது) வெயிலில் இருக்கும் துணியின்மேல் வைத்து, மேனுவலில் பிளஸ் 2 வரும்படி எக்ஸ்போஷரை வை. ரா (சென்சாரின் மூலத் தகவல்) ஃபைலாக எடுத்தால் துணியின் நெசவு மிச்சமிருக்கும், முகத்தை ஏற்ற இடமும் இருக்கும்.

மதுரை 18-55 | பிப்ரவரி 9, மாலை 4.40

ஆட்சேபம். இது டாக்குமென்டரி. அட்டை விரிப்பது, தெர்மாகோல் பிடிப்பது எல்லாம் ஷூட்டிங் ஆகிவிடுகிறது. அவர் தினமும் அந்த நீலத்துக்குள்தான் நிற்கிறார். நீலமே இருக்கட்டும்.

பழைய டார்க்ரூம் | பிப்ரவரி 9, மாலை 5.30

வேலை செய்யும் படங்களுக்கு உங்கள் ஆட்சேபம் சரி, அவற்றில் தொட வேண்டாம். நேராகப் பார்த்து நிற்கும் போர்ட்ரெய்ட் ஏற்கெனவே ஏற்பாடு செய்த படம்தான், அதில் அட்டையும் தெர்மாகோலும் குற்றமில்லை. கேப்ஷனிலோ ரெக்கார்டிலோ சொல்லிவிட வேண்டும். நீலத்தை வைத்துக்கொள்வது என்றால் 12 படத்திலும் வைத்துக்கொள். மூன்றில் நீலம், ஒன்பதில் சரி என்றால் பார்க்கிறவர் அதை முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டார், கவனக்குறைவு என்பார்.

நிழல்வெளி | பிப்ரவரி 9, இரவு 10.05

"படத்துல அசைவே இல்ல"ன்னும் ஒருத்தர். 1/500-ல எடுத்திருந்தேன். பெட்டி ஃப்ரீஸ் ஆகி நிக்குது. ஸ்லோ ஷட்டருக்கு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கற கண்ணாடி) வாங்கணுமா?

பழைய டார்க்ரூம் | பிப்ரவரி 10, காலை 6.55

வேண்டாம். நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, 1/100 என்பது பொது விதி. தார்ப்பாய் நிழல் அதைவிடச் சுமார் மூன்று ஸ்டாப் குறைவு (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்). அதே எஃப் 16-இல் 1/15-க்கு அருகே தானாக வந்துவிடும். அந்த வேகத்தில் ஓடும் பெட்டி இழுபடும், அழுத்திப் பிடித்த இன்னொரு கையும் துணியும் நிற்கும். தலை ஆடும், அதனால் ஒரே இழுப்புக்கு எட்டுப் பத்து ஃபிரேம் வேண்டும். கேமரா ட்ரைபாடில் இருக்க வேண்டும். ட்ரைபாடில் ஐஎஸ்ஸை (லென்ஸின் நடுக்கத் தடுப்பு) அணைத்துவிடு. எஃப் 16-இல் லென்ஸ் துளை சிறிதாக இருப்பதால் டிஃப்ராக்ஷன் (ஒளி விளிம்பில் வளைவது) வந்து கூர்மை கொஞ்சம் குறையும், 12 × 18-இல் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தெருப் பின்னணி வெளுத்துப் போகும், அதனால் பின்னால் சுவரோ மரமோ வருகிற கோணத்தில் நில்.

நிழல்வெளி | பிப்ரவரி 14, மாலை 7.20

இஸ்திரி அண்ணன்கிட்ட ப்ரிண்ட் காட்டினேன். ரெண்டு நிமிஷம்தான் பார்த்தார். "மடிச்சு அடுக்கினதுக்கப்புறம் எதுக்குப்பா தண்ணி தெளிக்கிறேன்?"ன்னார். வரிசையில 7-வது படம் அடுக்கு, 8-வது தண்ணி தெளிக்கிறது. ஸ்டாஃப் யாரும் இதைக் கண்டுபிடிக்கல. அப்புறம் இன்னொண்ணு: துணியில போட்டிருக்கற வீட்டு நம்பர் குறி ஒரு க்ளோஸப்ல தெளிவாத் தெரியுது, "அந்த வீட்டம்மா கேப்பாங்க"ன்னார்.

பழைய டார்க்ரூம் | பிப்ரவரி 14, இரவு 8.45

இந்த ரிவ்யூவிலேயே உருப்படியான ஃபீட்பேக் இதுதான். "கதை இல்லை" என்று நான்கு பேர் சொன்னதன் பாதிக் காரணம் அந்த 7-8 ஆக இருக்கலாம். பார்க்கிறவருக்கு இஸ்திரி தெரியாவிட்டாலும் வேலை முன்னும் பின்னும் போவது உறுத்தும், காரணம்தான் சொல்லத் தெரியாது. கரி மூட்டுவது, தெளித்துச் சுருட்டி வைப்பது, தேய்ப்பது, மடிப்பது, கொண்டுபோய்க் கொடுப்பது. இந்த நேர்கோட்டை முதலில் போட்டுவிட்டு, வேண்டுமென்றால் பிறகு கலைத்துக்கொள். கலைப்பது தெரிந்து செய்ததாக இருக்க வேண்டும்.

வீட்டு நம்பர் படத்தை எடுத்துவிடு. மறைத்து, மங்கலாக்கிப் போட்டால் கண் அங்கேதான் போகும். அதே குறியை நம்பர் தெரியாத கோணத்தில் திரும்ப எடு.

பழைய டார்க்ரூம் | பிப்ரவரி 16, காலை 9.30

அந்த மூன்று பக்கம் பற்றி யாரும் பேசவில்லை, கேட்டதே அதுதான்.

ரிவ்யூ நடந்த அன்று இரவே நோட்டில் நான்கு கட்டம். அவர் சொன்ன வார்த்தை, அப்படியே, உன் மொழிபெயர்ப்பு இல்லாமல். எந்த ஃபைல் நம்பரைப் பார்த்துச் சொன்னார். இப்போது அந்தப் படத்தில் உனக்கு என்ன தெரிகிறது. அடுத்த ஷூட்டில் எந்த ஒன்றை மாற்றிப் பார்க்கப் போகிறாய். இரண்டு நாள் கழித்து எழுதினால் "ஃப்ளாட்" என்றது "கான்ட்ராஸ்ட் ஏற்றச் சொன்னார்" என்று மாறியிருக்கும். அனுமதி கேட்டு மொபைலில் பதிவு செய்துகொள்வது இன்னும் நல்லது.

எல்லா ரெக்கார்டிலும் வரும் பத்தி: "ஆசிரியர்களின் கருத்துகள் எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தன. அவற்றின் மூலம் ஒளி, கோணம் ஆகியவற்றின் முக்கியத்துவத்தைக் கற்றுக்கொண்டேன்." இதில் உன் ப்ராஜெக்ட் எங்கே இருக்கிறது? கல்யாண ஃபோட்டோ ரெக்கார்டுக்கும் இதையே ஒட்டலாம்.

இப்படி எழுது: "படம் 4-ஐப் பார்த்து 'இடம் தெரியவில்லை' என்றார்கள். படம் 9-ஐப் பார்த்து 'க்ளோஸ் போ' என்றார்கள். இரண்டும் 35 மி.மீ., ஏறக்குறைய ஆறடி. 18 மி.மீ.யில் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து 4அ, 55-இல் 9அ எடுத்தேன். 4-ஐ மாற்றினேன். 9-ஐ மாற்றவில்லை, ஏனெனில் 9அ-வில் கை மட்டும் தெரிகிறது, கையின் சோர்வு முகத்தோடு சேர்ந்துதான் புரிகிறது." பக்கத்தில் நான்கு சிறிய படம், கீழே ஒவ்வொன்றின் செட்டிங். இது ஒரு பக்கம். இதைப்போல மூன்று சிக்கல், மூன்று பக்கம்.

ஏற்காத ஃபீட்பேக்கும் ஒன்றாவது இருக்கட்டும், சோதித்த படத்தோடு. சோதிக்காமல் மறுத்தால் அடம் என்று படும்.

மதுரை 18-55 | பிப்ரவரி 16, காலை 10.12

"கையின் சோர்வு முகத்தோடு சேர்ந்துதான் புரிகிறது". எக்ஸ்டர்னல் கண் கலங்கிவிடுவார்.

பழைய டார்க்ரூம் | பிப்ரவரி 16, இரவு 11.40

மேலே "எந்த ஒன்றை மாற்றிப் பார்க்கப் போகிறாய்" என்று எழுதியதற்கு ஒரு வரம்பு உண்டு. வெளிச்சம், தூரம், ஷட்டர் போன்றவற்றுக்கு ஒன்றை மாற்றி மற்றதை நிறுத்துவது சரி, எது வேலை செய்தது என்று தெரியும். படங்களின் வரிசைக்கு அது பொருந்தாது. ஒரு படத்தை நகர்த்தினால் பக்கத்துப் படங்களின் அர்த்தமும் நகரும். அங்கே மூன்று முழு வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றையும் மொபைலில் மேலிருந்து ஒரு ஸ்னாப் எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் பார்த்து முடிவெடு.

நிழல்வெளி | பிப்ரவரி 21, மதியம் 3.00

ஒரு படம் 12 × 18 டெஸ்ட் ப்ரிண்ட் போட்டேன். லேப்டாப்ல பார்த்ததைவிட இருட்டு. லேப் தப்பா, நான் தப்பா?

லேப் கவுண்டர் | பிப்ரவரி 21, மதியம் 3.22

லேப்டாப் ப்ரைட்னஸ் ஃபுல்லா வெச்சு எடிட் பண்ணியிருப்ப. நேர் வெயில் படாத ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஸ்க்ரீன்ல வெறும் வெள்ளைப் பக்கம் திறந்து, பக்கத்துல ஏ4 பேப்பர் பிடி. ரெண்டும் ஒரே வெளிச்சத்துல தெரியற வரைக்கும் ப்ரைட்னஸைக் குறை. அந்த நிலையில எடிட் பண்ணதுதான் ப்ரிண்ட்டுக்குக் கிட்ட வரும்.

12 படத்தையும் ஒரேயடியா அனுப்பாத. முகம் முக்கியமா இருக்கிற ஒரு படத்தை எடுத்து, எக்ஸ்போஷர் 0, பிளஸ் 0.3, 0.6, 1-ன்னு நாலு காப்பி, ஒரே 12 × 18 ஷீட்ல நாலையும் போடு. ஒரு ஷீட் காசுதான். எக்ஸிபிஷன் ஹால்ல எந்த லைட்ல மாட்டப் போறாங்களோ அங்கே வெச்சுப் பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடு. "ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம்"னு கவுண்டர்ல வாயால சொல்லு, பில்லுலயும் எழுதச் சொல்லு. சொல்லலைன்னா மெஷினே ஏத்தி இறக்கிடும், நீ போட்ட டெஸ்ட் வீணாப் போகும்.

நிழல்வெளி | பிப்ரவரி 21, மாலை 5.10

0.6 சரியா இருக்குண்ணா. பேப்பர் கிளாஸியா மேட்டா? ஓரத்துல வெள்ளை விடணுமா?

லேப் கவுண்டர் | பிப்ரவரி 21, மாலை 5.26

ஹால்ல ட்யூப்லைட் இருந்தா மேட், கிளாஸில லைட் பிரதிபலிச்சு முகத்துக்கு மேல கோடு விழும். மேட்ல கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும், அதனால அந்த நாலு காப்பி டெஸ்ட்டை மேட்லயே இன்னொரு தடவை போட்டுடு. ஓரம் அரை அங்குலம் வெள்ளை விடு. கட்டிங்ல ரெண்டு மூணு மி.மீ. போகும், பார்டர் மெல்லிசா இருந்தா ஒரு பக்கம் கோணலாத் தெரியும். மவுண்ட் போர்டுல ஒட்ட ஃபெவிகால் தடவாத, பேப்பர் உப்பிக்கும். டபுள் சைடு டேப் நாலு ஓரமும், நடுவுல குறுக்க ஒண்ணும்.